விமானம் சுருங்கும், நீர்த்துளி சுருங்காது

வைகை அணைக் கரையில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். வடக்கே கொடைக்கானல் மலை, மேற்கே போடிப் பக்கத்து மலை, தெற்கே வருசநாட்டு மலை. மூன்று பக்கமும் நீலம். போடிமெட்டுக்கு ஏறிப் போய்வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே நீலமாக எதுவும் கிடையாது. பச்சைக் காடும் செம்மண்ணும் கறுத்த பாறையும்தான். இடையில் இருக்கிற காற்றுதான் மலைக்கு நீலம் பூசுகிறது.

அந்த நீலத்தை ஒரு விமானத்துக்காகப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் காட்டலினா என்னும் பறக்கும் படகின் மாதிரி ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். அசலில் 72-இல் ஒரு பங்கு. அசல் விமானத்துக்கு இறக்கை முனையிலிருந்து முனைவரை 31.7 மீட்டர், என் மேசையில் அது 44 சென்டிமீட்டர். போர்க்கால வண்ண அட்டையோடு அச்சாக ஒத்துவரும் பெயிண்டையே தேடி வாங்கி, மேல்பக்கம் கருஞ்சாம்பலும் பச்சை கலந்த சாம்பலுமாக அடித்து முடித்தேன். காய்ந்தபின் பார்த்தால் விமானமே தெரியவில்லை. கறுத்துப் போன பிளாஸ்டிக் பொம்மை ஒன்று உட்கார்ந்திருந்தது. அட்டையை ஒட்டி வைத்துப் பார்த்தேன், நிறம் சரிதான். சரியான நிறம் எப்படித் தப்பாகத் தெரியும்?

இந்த விமானங்கள் பறந்த இரண்டாம் உலகப் போரின்போது நான் நின்ற வைகை அணையே கிடையாது. அது திறக்கப்பட்டது 1959-இல். தமிழ்நாட்டில் காட்டலினாக்கள் வந்து இறங்கிய தண்ணீர் செங்குன்றம் ஏரி. இன்றைக்குச் சென்னைக்குக் குடிநீர் தருகிற அதே புழல் ஏரிதான். 1942-இலிருந்து பிரிட்டன் விமானப்படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன் அங்கிருந்து வங்காள விரிகுடாவின் மேல் ரோந்து போனது. இலங்கையின் தெற்குக் கரையில் கொக்கலை வாவி இன்னொரு தளம். 1942 ஏப்ரல் 4 அன்று அங்கிருந்து கிளம்பிய கனடா நாட்டு விமானி லெனார்ட் பர்ச்சல், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு வானொலியில் செய்தி அனுப்பினார். அனுப்பும்போதே அவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் மூன்று பேர் இறந்தார்கள். பர்ச்சலும் மற்றவர்களும் சிறைபிடிக்கப்பட்டார்கள். மறுநாள் கொழும்பின்மேல் குண்டு விழுந்தபோது ஊர் ஓரளவு தயாராக இருந்தது. நாள் முழுக்கக் கடல்மேல் சுற்றிவிட்டு ஏரியில் வந்து அமரும் விமானம் அது. அதன் உடம்பில் வெயிலும் தண்ணீரும் எழுதிய எழுத்து இருக்கும். அதை எழுதாமல் விட்டால் மாதிரி பொம்மையாகவே நிற்கும்.

முதலில் நிறத்தைப் பார்ப்போம். மாதிரி செய்கிறவர்களிடையே வழிவழியாக ஒரு விளக்கம் உண்டு. ஓரடி தள்ளி நின்று மாதிரியைப் பார்ப்பது, 72 அடி தள்ளி நின்று அசலைப் பார்ப்பதற்குச் சமம். 72 அடிக் காற்று குறுக்கே இருந்தால் நிறம் கொஞ்சம் வெளுக்கும், மலை நீலமாவது போல. ஆகவே பெயிண்டில் வெள்ளை கலந்து அடி. இதைத் தொலைமங்கல் என்று சொல்லலாம். காற்றின் மூலக்கூறுகளும் அதில் மிதக்கும் தூசும் ஈரமும் சூரிய ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகின்றன. தூரம் கூடக் கூட அந்தச் சிதறிய ஒளி ஒரு மெல்லிய திரைபோலக் கூடிக்கொண்டே போகிறது. மூலக்கூறுகள் நீலத்தை அதிகமாகச் சிதறடிப்பதால் திரைக்கும் அந்தச் சாயல்.

கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் அளந்து பார்த்தால் நிற்கவில்லை. காற்றினூடே எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும் என்பதை 1924-இல் கணக்குக்குள் கொண்டுவந்தவர் ஜெர்மானிய வானிலை அறிஞர் கோஷ்மீடர். கறுத்த மலை ஒன்றுக்கும் அதன் பின்னால் இருக்கும் வானத்துக்கும் உள்ள வேறுபாடு, தூரம் போகப் போக ஒரே விகிதத்தில் குறைந்துகொண்டே வருகிறது. அது ஐம்பதில் ஒரு பங்காகிற தூரத்தோடு பார்வை முடிகிறது என்று வைத்துக்கொள்வார்கள். நம் ஊரில் பத்து கிலோமீட்டர் பார்வை கிடைக்கிற ஒரு நாளில் 72 அடிக் காற்று, அதாவது 22 மீட்டர், அந்த வேறுபாட்டில் எவ்வளவு தின்னும்? நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணுக்கு அது பிடிபடாது. அணையின் மேல் நின்று பாருங்கள். கொடைக்கானல் மலை நீலமாக இருக்கும். 72 அடி தள்ளி நிற்கிற வேப்பமரம் பச்சையாகத்தான் இருக்கும். காற்றின்மேல் போட்ட பழி தவறு. ஆனால் வெள்ளை கலந்தால் மாதிரி உயிர் பெறுகிறது என்பது உண்மை. மருந்து சரி, நோயைத்தான் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உண்மைக் காரணத்தில் பாதியை வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் சொன்னார். அட்டையில் ஒரு நிறத்தைக் காட்டி இது வேண்டும் என்றேன். “அட்டையில பாக்குறது வேறண்ணே, செவுத்துல ஏத்துனா வெளுப்பாத் தெரியும். ஒரு ஷேடு கூட்டியே எடுங்க” என்றார். அதே பெயிண்ட், அதே வெளிச்சம். பரப்பு பெரிதானால் நிறம் வெளிச்சமாகவும் செழிப்பாகவும் தெரிகிறது, சிறிதானால் இருண்டு தெரிகிறது. நிற ஆய்வாளர்கள் இதைச் சோதனைக்கூடத்தில் பலபேர் கண்களை வைத்து அளந்திருக்கிறார்கள். முப்பது மீட்டர் இறக்கையில் இருந்த சாம்பல் 44 சென்டிமீட்டருக்குள் அடங்கும்போது சுவர் அட்டையாகிவிடுகிறது.

மறுபாதி வெளிச்சம். செங்குன்றத்தில் உச்சி வெயிலில் நின்ற விமானத்தின்மேல் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு ஒளி விழும். லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதற்கான அலகு. டியூப்லைட் எரியும் நம் அறையில் முந்நூறு லக்ஸ் கிடைத்தால் அதிகம். கல்யாணப் புடவை எடுக்கப் போகிற பெண்கள் கடைக்குள் பார்த்தது போதாமல் வாசலுக்குக் கொண்டுவந்து பார்ப்பது இதனால்தான். 1950-களில் ஹன்ட் என்ற ஆங்கிலேயர் இதை அழகான முறையில் அளந்தார். ஒரு கண்ணை ஒரு வெளிச்சத்துக்கும் மற்றக் கண்ணை வேறு வெளிச்சத்துக்கும் பழக்கி, இரண்டு கண்ணிலும் தெரிகிற நிறம் ஒன்றாகும்வரை பார்ப்பவரையே சரிசெய்யச் சொன்னார். குறைந்த வெளிச்சத்துக் கண்ணுக்கு நிறம் சோகையாகத் தெரிந்தது, பளிச்சென்று தெரிய இன்னும் தூய நிறம் தேவைப்பட்டது. வெளிச்சம் குறைந்தால் மேடும் பள்ளமும், வெளுப்பும் கறுப்பும்கூட ஒன்றோடொன்று கலந்து போகின்றன. ஆகவே மாதிரிக்குப் பெயிண்ட் அடிக்கிறவர் வெள்ளை கலப்பதோடு, தகட்டின் நடுவை இன்னும் வெளுத்தும் இடுக்கை இன்னும் இருட்டியும் தன் கையாலேயே வெயிலைப் பூச வேண்டியிருக்கிறது.

இப்போது வெயில் நிஜமாகச் செய்த வேலைக்கு வருவோம். பழைய வீட்டு வெளிச்சுவரில் கையைத் தேய்த்தால் உள்ளங்கையில் மாவு ஒட்டும். பெயிண்ட் என்பது நிறமித் துகள்களும், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிற பிசினும். அதைப் பிணைப்பி என்போம். புற ஊதாக் கதிர் பிணைப்பியின் சங்கிலிகளை அறுக்கிறது. பிசின் அழியத் துகள்கள் மேலே தளர்ந்து நிற்கின்றன. தணலின்மேல் சாம்பல் படர்வதை நீறு பூத்தது என்கிறோமே, அந்தச் சொல்லை இதற்கும் வைத்துக்கொள்ளலாம். நீறு பூத்த பெயிண்டில் நிறமி எங்கேயும் போய்விடவில்லை. ஆனாலும் வெளுத்துத் தெரிகிறது. ஏன்?

பதில் நம் இடுப்பு வேட்டியில் இருக்கிறது. தண்ணீர் பட்ட இடம் கறுக்கும். காய்ந்தால் பழைய நிறம். நூலுக்கும் நூலுக்கும் நடுவே காற்று இருக்கும்போது, ஒளி காற்றிலிருந்து நூலுக்குள் நுழையும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் எகிறித் திரும்புகிறது. ஒளிவிலகல் எண் என்று சொல்லப்படுகிற பண்பு இரண்டு பொருள்களுக்கிடையே எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவு எகிறல். தண்ணீர் அந்த இடுக்குகளை நிரப்பினால் வேறுபாடு குறைகிறது. ஒளி எகிறாமல் உள்ளே போய் அங்கேயே உறிஞ்சப்படுகிறது. திரும்பிவருவது குறைந்தால் இருட்டு. நீறு பூத்த இறக்கையும் அப்படித்தான், மழை பெய்தால் புதிதுபோல் கறுக்கும், வெயில் வந்தால் வெளுக்கும். மாதிரியின்மேல் பளபளக்கும் வார்னிஷ் அடித்தால் நிறம் இருள்வதும், மங்கல் வார்னிஷ் அடித்தால் வெளிறுவதும் இதே கதை. ஒரு துளி நிறம்கூடச் சேர்க்காமல் நிறத்தை மாற்றலாம்.

காட்டலினாவில் கூடுதலாக ஒரு நுணுக்கம். இறக்கையின் முன்பகுதி அலுமினியத் தகடு, பின்பகுதி துணி இழுத்துக் கட்டியது. உலோகத்தின்மேலும் துணியின்மேலும் ஒரே பெயிண்ட் ஒரே மாதிரி முதுமையடைவதில்லை. ஆகவே இரண்டும் சந்திக்கிற இடத்தில் சன்னமான நிற வேறுபாடு ஒன்று வேண்டும்.

அடுத்தது தண்ணீர். இங்கேதான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

கடல் விமானம் என்றவுடன் உப்புத் தடம் போட்டுவிடலாம் என்று கை துறுதுறுக்கும். ஆனால் செங்குன்றம் நன்னீர் ஏரி. அங்கே மிதந்த விமானத்தின் அடிவயிற்றில் படிவது கடலுப்பு அல்ல. ஏரி வண்டல், பாசி, தண்ணீரில் கரைந்த சுண்ணச் சத்து. தேனிப் பக்கம் போர்வெல் தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் வாளியின் உட்புறத்தில் சொரசொரவென்று ஒட்டிக்கொள்ளுமே ஒரு வெள்ளை, அதன் சொந்தக்காரன். கொக்கலையோ கடலோரத்து வாவி. உப்புக்கு அங்கே இடமுண்டு. ஆனால் உப்பும் எப்போதும் கண்ணுக்குத் தெரியாது. ஐப்பசி மழையில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருக்கிறோம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் இருக்கும் மக்னீசியம் உப்புகள் இன்னும் முன்னதாகவே கசியும். விடியலில் கொக்கலையில் நின்ற விமானத்தில் உப்பு ஈரமாக மறைந்திருக்கும், நண்பகல் வெயிலில் வெள்ளையாக வெளிப்படும். ஒரு மாதிரி எந்த நீர்நிலையில் நின்றது என்பதோடு, எந்த நேரத்தில் நிற்கிறது என்பதையும் முடிவு செய்யாமல் வெள்ளைத் தடத்தில் கை வைக்கக் கூடாது.

சரி, நீர்மட்டத்தில் மட்டும் ஏன் கோடாகப் படிகிறது? மேசையில் காப்பி சிந்திக் காய்ந்தால் கறை முழுவதும் ஒரே பழுப்பாக இருக்காது. ஓரத்தில் அடர்ந்த வளையம், நடுவில் வெளிறல். இதைத் தினமும் பார்த்தும் நெடுங்காலம் யாரும் சரியாக விளக்கவில்லை. 1997-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டீகன், சிட்னி நேகல் முதலானோர் விளக்கினார்கள். துளியின் ஓரம் மேசையின் சொரசொரப்பில் மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. ஓரத்தில்தான் நீர் வேகமாக ஆவியாகிறது. போன நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது. ஓடும்போது காப்பித் துகளையும் வாரிக்கொண்டு போய் அங்கே கொட்டுகிறது. நுண்ணிய உருண்டைகளைத் துளியில் மிதக்கவிட்டு, நுண்ணோக்கியில் அவை ஓரம் நோக்கி ஓடுவதைக் கண்ணால் பார்த்துத்தான் இதை உறுதி செய்தார்கள். 2011-இல் இன்னொரு குழு, உருண்டைக்குப் பதில் நீள்வட்டத் துகள்களைப் போட்டால் வளையமே உண்டாகாது என்று காட்டியது. நீளத் துகள்கள் துளியின் மேற்பரப்பில் ஒன்றோடொன்று சிக்கி, ஓரத்துக்குப் போக முடியாமல் நின்றுவிடுகின்றன. விமானத்தின் வயிற்றில் அலை தொட்டுத் தொட்டு விலகும் ஓரமும் இப்படித்தான் தன் சுமையை வரம்பில் இறக்கி வைக்கிறது.

ஆக, நீர்த்த பெயிண்டை மாதிரியில் தடவி அப்படியே காயவிட்டால் இயற்கையே கோடு போட்டுத் தந்துவிடாதா? நானும் அப்படி நினைத்துத்தான் செய்தேன். வந்தது கோடு அல்ல. கடுகு அளவு வட்டங்கள், வரிசையாக. காரணம் எளிது. நீரின் பரப்பு இழுவிசை, துளியைத் திரட்டி உருட்டிப் பிடிக்கிற அந்த இழுப்பு, மாதிரிக்காகத் தன்னைச் சுருக்கிக்கொள்வதில்லை. என் துளி இரண்டரை மில்லிமீட்டர். அசல் விமானத்தில் அதை வைத்துப் பார்த்தால் 18 சென்டிமீட்டர். ஒரு முழுப் பலாச்சுளையைவிடப் பெரிய துளி! பழைய படங்களில் தொட்டியில் பொம்மைக் கப்பலை மிதக்கவிட்டுப் புயல் காட்டுவார்களே, அது நம்பும்படி இல்லாமல் போவது கப்பலால் அல்ல. சிதறும் நீர்த்துளிகள் கப்பலின் ஜன்னல் அளவுக்கு இருப்பதால். எவ்வளவு நேர்த்தியாகக் கப்பல் செய்தாலும் தண்ணீர் உண்மையைச் சொல்லிவிடும்.

சில இடங்களில் இதே இழுவிசை கைகொடுக்கவும் செய்கிறது. தகடுகள் சேரும் கோடு மாதிரியில் முடி அளவுப் பள்ளம். நீர்த்த கறுப்பில் தூரிகையைத் தோய்த்து அதன் ஒரு முனையில் தொட்டால் போதும், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்தப் பள்ளம் முழுவதும் நிறத்தை இழுத்துக்கொண்டு ஓடும். இதை நுண்புழை ஈர்ப்பு என்பார்கள். அசல் விமானத்தில் அழுக்கு ஓடுவது காற்றடிக்கும் திசையிலும் கீழ்நோக்கியும். மாதிரியில் ஈர்ப்பு கொண்டுபோன இடமெல்லாம் அழுக்கு. ஆகவே அது ஓடிய பிறகு ஈரத் தூரிகையால் பின்பக்கமாக ஒரு இழுப்பு இழுத்து, காற்றின் திசையை நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

பெயிண்ட் உதிர்ந்த இடங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிறைய மாதிரிகளில் விமானத்தின் உடம்பெல்லாம் துருப்பழுப்பு பூசியிருப்பதைப் பார்க்கிறேன். மனசு கேட்பதில்லை. காட்டலினாவின் உடல் அலுமினியம். அதற்குத் துரு கிடையாது. புளிக்குழம்பை விட்டுவைத்த அலுமினியப் பாத்திரம் என்ன ஆகும்? வெள்ளைப் பொடி பூக்கும், சின்னக் குழி விழும். அதுதான் இங்கேயும். உதிர்ந்த இடத்தில் முதலில் மஞ்சள்பச்சை அடிப்பூச்சு தெரியும், அதுவும் போனால் மங்கிய வெள்ளி. பழுப்பு வேண்டுமானால் எஃகால் ஆன புகைக்குழாயில் பூசலாம். அதிலிருந்து இறக்கைமேல் நீளும் புகைத்தடம்கூட முழுக்கறுப்பு அல்ல. நெடுந்தூரப் பயணத்தில் பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டி ஓட்டுவார்கள்; அந்தக் காலப் பெட்ரோலில் இருந்த ஈயம் வெளிர்சாம்பலாகப் படியும்.

உதிர்வைச் செய்கிற வழி நம் அடுப்படியிலேயே இருக்கிறது. இட்லித் தட்டில் ஈரத்துணி போட்டு மாவு ஊற்றினால் ஒட்டாமல் எழும்பி வருமல்லவா? வெள்ளி நிறத்தின்மேல் தண்ணீரில் கரைகிற ஹேர் ஸ்பிரேயைப் பூசி, அதன்மேல் சாம்பல் பெயிண்ட் அடிக்கிறோம். காய்ந்தபின் ஈரத் தூரிகையால் தட்டினால் நடுப்படலம் கரைந்து மேல்பூச்சு தானாகவே செதில் செதிலாக எழும்பும். எங்கே எழும்பும் என்பது முழுக்க நம் கையில் இல்லை. அதனால்தான் அது நிஜம்போல் இருக்கிறது.

கடைசியாக வெள்ளைக் கோட்டுக்கே திரும்பினேன். சமையல் உப்பைக் கரைத்துத் தடவி, நிஜ உப்பே படியட்டும் என்று ஒரு சோதனை. காய்ந்ததும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கனசதுரம் கனசதுரமாகப் பளபளத்த படிகங்கள், பெரியது கால் மில்லிமீட்டருக்குமேல். 72-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். விமானத்தின் வயிற்றில் புளியங்கொட்டைகளை ஒட்டவைத்தது போலிருந்தது. கழுவிவிட்டேன். உப்பு என்று தெரிய வேண்டுமானால் உப்பு கூடாது. வெள்ளையில் துளி சாம்பலும் துளி பழுப்பும் கலந்து, பொடியிலும் பொடியாக அரைத்த நிறமிதான் வேண்டும்.

எத்தனை கோடு போடுவது என்பதை அணையில் பார்த்துக்கொண்டேன். 71 அடிவரை நிற்கிற தண்ணீர் இறங்க இறங்கக் கற்சுவரில் பட்டை பட்டையாகத் தடம் விட்டுக்கொண்டு போகிறது. மேலே இருப்பது பழையது, வெளிறியது. காட்டலினாவும் அப்படித்தான். கிளம்பும்போது நாலு டன்னுக்குமேல் பெட்ரோல் சுமந்து ஏரியில் ஆழ அமர்ந்திருக்கும். பல மணி நேரம் பறந்து திரும்புகையில் தொட்டி காலியாகி, உயர மிதக்கும். ஆகவே ஒரே கோடு போதாது. மேலே மங்கலாக ஒன்று, அது போகும்போது நின்ற மட்டம். அதற்கு மூன்று மில்லிமீட்டர் கீழே அழுத்தமாக இன்னொன்று, வந்து சேர்ந்த மட்டம்.